சின்னவள் தெருவில் மட்டும் மழை

மழை முதன்முதலாக விழுந்தபோது எங்கள் அண்ணி சலவைக்கூடத்தில் பாய்லருக்கு எதிரே வியர்த்துக்கொண்டு நின்றிருந்தாள். மழை விழுந்ததோ இந்தக் குடியிருப்பின் மறுகோடியில், அவள் தங்கை வீட்டு வாசலில். அண்ணியின் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன்.

எங்கள் ஊருக்கு வானம் கிடையாது, கூரைதான். வெளியே மனிதர் நின்று பேச முடியாத குளிர். அதனால் சுரங்க வேலைக்கு வந்த குடும்பங்களுக்குத் தெரு, பள்ளிக்கூடம், கடை, ஆஸ்பத்திரி எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் கட்டிவிட்டார்கள். கூரை என்றால் ஏணி வைத்துத் தொடுகிற கூரை இல்லை. அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும், அவ்வளவு உயரம். விளக்குகள் காலையில் வெளுத்துச் சாயங்காலம் மஞ்சளாகும். இங்கே பிறந்த பிள்ளைகளுக்கு மழை என்பது பாடப்புத்தகத்தில் சாய்வாகப் போட்ட கோடுகள், அவ்வளவுதான்.

அண்ணி என் அண்ணன் மனைவி. நான் அவர்களோடுதான் இருக்கிறேன். சலவைக்கூடத்தில் அவள் பாய்லரைப் பார்த்துக்கொள்கிறாள், நான் துணி மடிக்கிறேன். கூடத்தில் எல்லோரும் அவளை பாய்லர் என்றுதான் கூப்பிடுவார்கள். பாய்லரைப் பார்ப்பவள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் எதிரில் யாரும் சொல்வதில்லை.

சுரங்கத்து ஆட்களின் உடுப்பு முழுக்க எங்களிடம்தான் வரும். கரியும் எண்ணெயும் ஏறிய துணி, கொதிக்க வைக்காமல் போகாது. கொதிதொட்டிகளிலிருந்து வரும் ஆவிக்கு இரண்டு வழி. அண்ணியின் தலைக்கு மேலே ஒரு நீளமான கைப்பிடி இருக்கிறது. இழுத்தால் மேல்கதவு திறந்து ஆவி ஊர்க்கூரைப் பக்கம் போகும், ஊருக்குச் சூடு கிடைக்கும். தள்ளினால் ஆவி குழாய் வழியாக இறங்கித் திரும்பவும் தண்ணீராகித் தொட்டிக்கு வந்துவிடும். எப்போது இழுப்பது, எப்போது தள்ளுவது என்பது பாய்லர் பார்ப்பவள் இஷ்டம். யாரும் கேட்க மாட்டார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இழுத்து விடுவது வழக்கம்.

புதிய சுரங்கம் திறந்து தொட்டிகளைக் கூட்டிய வருஷம்தான் மழை வந்தது.

"அம்மா! அம்மா! மேலேர்ந்து தண்ணி விழுது! சித்தி தெருவுல!" என்று குட்டி ஓடி வந்தாள். குட்டி என்பது அண்ணியின் ஒரே மகள். தலை, சட்டை, பை எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"எந்தக் குழாய் உடைஞ்சுது?" என்றாள் அண்ணி.

"குழாய் இல்லம்மா. மேல வெள்ளையா பஞ்சு மாதிரி வந்துது. அப்புறம் அதுலேர்ந்து விழுந்துது. சித்தி சொன்னா, இதுதான் மழையாம்."

"உங்க சித்தி வீட்டுக்கு மேல மட்டும் வந்துதா அந்தப் பஞ்சு?"

"ஆமா!"

"வரும். வராம எங்க போகும்," என்று அண்ணி துண்டை எடுத்துக் குட்டியின் தலையைத் துவட்டினாள். துவட்டிய வேகத்தில் பிள்ளை 'ஆ ஆ' என்று கத்தியது.

அண்ணியின் தங்கையை எல்லோரும் சின்னவள் என்றுதான் சொல்கிறோம். கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, வீட்டிலேயே சுரங்கத்துக்காரர்களுக்குக் கையுறை தைத்துக்கொண்டு தனியாக இருக்கிறாள். அண்ணி இங்கே வந்து ஊன்றிய பிறகுதான் அவள் வந்தாள். மறுகோடியில் இருந்த அந்த மூலை வீட்டை அண்ணி கேட்டு வைத்திருந்தாள். கிடைத்தது சின்னவளுக்கு. எங்களுக்குச் சலவைக்கூடத்தின் பின்தெரு. சுவரில் கை வைத்தால் வெந்நீர்ப் பாத்திரத்தைத் தொட்டதுபோல் இருக்கும்.

சின்னவள் கெட்டவள் இல்லை. அண்ணிக்கு அதுதான் பெரிய தொந்தரவு. கெட்டவளாக இருந்திருந்தால் ஒருநாள் வாய் விட்டுத் திட்டிவிட்டு ஆறிப்போயிருப்பாள். சின்னவளோ எதையும் கேட்டு வாங்க மாட்டாள். கேட்காமலே அவளிடம் வந்து சேரும். "அவ பிறக்கிற வரைக்கும் எங்கம்மா மடி என்னுது," என்று காலுறைகளை ஜோடி சேர்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி என்னிடம் ஒருநாள் சொன்னாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது.

பள்ளிக்கூடம் சின்னவள் தெருவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அண்ணிக்கும் எனக்கும் வேலை முடியும்வரை குட்டி சித்தி வீட்டில் இருப்பாள். இதை ஏற்பாடு செய்ததும் அண்ணிதான். முன்பெல்லாம் விளக்கு மஞ்சளாகத் தொடங்கும்போது குட்டியை நான் போய்க் கூட்டி வருவேன். வரும் வழியெல்லாம் "சித்தி இப்படிச் சொன்னா, சித்தி அப்படிப் பண்ணா" என்று பேசிக்கொண்டே வருவாள். பக்கத்தில் கையைப் பிடித்து நடக்கிற அத்தையும் ஒரு ஆள்தான் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. போகட்டும். அண்ணிக்காவது பாய்லர் இருக்கிறது, மனசில் இருப்பதைக் கரியோடு சேர்த்து அள்ளிப் போட.

மழை வந்த பிறகு ஊரே மறுகோடிக்குத் திரும்பிவிட்டது. டீக்கடைக்காரர் முக்காலிகளைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே போட்டார். சுரங்கத்து ஆட்கள் வேலை முடிந்து அந்த வழியாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். வாய் திறந்து நின்று குடித்தவர்களும் உண்டு. எங்கள் துணி மடிக்கும் மேஜையில் வேறு பேச்சே இல்லை.

"பாய்லர், உன் தங்கச்சி கொடுத்து வச்சவ. வாசல்ல மழை."

"மழையாம் மழை. கூரை ஒழுகுது. அதுக்குப் போய் ஒரு பேரு," என்றாள் அண்ணி.

அது ஒழுக்கல் இல்லை என்று காற்றுக்காரர் வந்து சொன்னார். காற்றுக்காரர் என்றால் ஊரின் காற்றோட்டத்தைப் பார்க்கும் அதிகாரி. படித்தவர், ஆனால் நம்மைப் போல உட்கார்ந்து டீ குடிப்பார். இந்தக் கூரைக்குள் மழை வராது என்றுதான் முதலில் நினைத்தாராம். இப்போது தகர டப்பா வைத்து அளக்கிறார்.

"சின்ன அறையா இருந்தா சுவர் மட்டும்தான் வேர்க்கும், பாய்லரம்மா," என்று அவர் டீ டம்ளரின் உள்விளிம்பில் கட்டியிருந்த துளிகளைச் சுட்டிக் காட்டினார். "இவ்வளவு உயரமா இருக்கறதால ஆவி மேல ஏறுது. விசிறி அதை அந்தக் கோடிக்குத் தள்ளுது. அங்க கூரைக்கு உள்பூச்சு மெல்லிசு, ஒரே ஜில்லிப்பு. அந்தக் குளிர்ல காத்துலயே பொடிப்பொடியாத் துளி கட்டுது. அதுதான் மேகம். துளி கனத்தா விழுந்துடுது."

"அந்த ஆவி எங்கேர்ந்து வருது?"

"வேற எங்கேர்ந்து? உங்க தொட்டியிலேர்ந்துதான்."

அண்ணி டம்ளரைக் கீழே வைத்தாள். அவள் கண்ணை நான் பார்த்தேன். அவள் காதில் விழுந்தது அந்த ஒரு விஷயம்தான். குளிர், உள்பூச்சு, விசிறி எதுவும் உள்ளே போகவில்லை. அவள் அவித்து அனுப்பிய ஆவி, தங்கை வாசலில் மழையாக விழுகிறது. அவள் வியர்வை, தங்கைக்குக் குளிர்ச்சி.

"நம்ம ஆவி. நம்ம தெருவுல விழட்டுமே," என்றாள் அன்று வீட்டுக்கு வந்ததும்.

அண்ணன் சிரித்தான். அவன் குழாய் ரிப்பேர் ஆள். "நீ நினைக்கறது நடக்காது. அது மேல போய்க் குளிரணும்டி."

"உங்களுக்கு எல்லாம் தெரியும். சமையலறைக் குழாய் சொட்டறது மட்டும் தெரியாது."

அண்ணன் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சமையலறைப் பக்கம் போனான்.

அண்ணி மறுநாளே ஆரம்பித்தாள். மேல்கதவை முழுக்க இழுத்து விட்டாள். போதாதென்று சலவைக்கூடத்தின் பின்ஜன்னல்களையும் எங்கள் தெருப்பக்கமாகத் திறந்து வைத்தாள். தெருவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் கயிறு கட்டி, பிழியாத படுக்கை விரிப்புகளை வரிசையாகத் தொங்கவிட்டாள். தெருவில் நடப்பவர்கள் ஈர விரிப்புகளை முகத்தில் வாங்கிக்கொண்டு நடந்தார்கள். எதிர்வீட்டுக்காரி, "என்ன பாய்லரம்மா, தெருவையே ஊற வைக்கிறீங்க?" என்று கேட்டாள். "பொறுங்க, நல்லது நடக்கும்," என்றாள் அண்ணி. உண்மையில் நம்பினாள். குட்டி வரும் நேரத்தில் வாசலில் போய் நின்று கூரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வாசலில் மழை விழுந்தால் பிள்ளை தன் வாசலிலேயே இருந்துவிடும் என்பதுதான் அவள் கணக்கு. வாய் விட்டுச் சொல்லவில்லை. ஆனால் குட்டிக்கென்று ஒரு சின்னக் குடை தைத்துக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தாள். நான் அதைப் பார்த்தேன்.

எங்கள் தெருவில் மழை வரவில்லை. சுவரெல்லாம் வியர்த்தது. தலையணை ஈரமானது. உப்பு கட்டியாகிவிட்டது, தீப்பெட்டி நமத்துப்போனது. அண்ணனுக்கு இருமல் வந்தது. அப்போதுதான் குட்டி வந்தாள், கழுத்துவரை சேறு.

"அம்மா, இன்னிக்கு எவ்ளோ பெரிய மழை தெரியுமா? இதுவரைக்கும் வந்ததுலயே பெரிசு! தெருவுல தண்ணி ஓடிச்சு! சித்தி கையுறையெல்லாம் படகு மாதிரி விட்டோம்!"

அண்ணி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். தன் கையால் இத்தனை நாள் தங்கைக்குத்தான் அள்ளி இறைத்திருக்கிறாள் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது. அண்ணன் இருமிக்கொண்டே, "நான் அப்பவே..." என்று தொடங்கினான். அவள் பார்த்த பார்வையில் மீதியை இருமலோடு விழுங்கினான்.

காலையில் வேலைக்குப் போனதும் அண்ணி கைப்பிடியைப் பிடித்தாள், ஒரு தள்ளு. ஆவியெல்லாம் குழாய்க்குள் போய்த் தொட்டியில் இறங்கியது. மதியம் வந்தது, அவள் இழுக்கவில்லை.

மறுகோடியில் மழை நின்றது. டீக்கடைக்காரர் முக்காலிகளைத் திரும்பத் தூக்கி வந்தார். காற்றுக்காரர் காலி டப்பாவோடு வந்து நின்றார்.

"பாய்லரம்மா, மேல்கதவைத் திறக்கலியா?"

"தண்ணிய மிச்சம் பண்றேன். பண்ணக்கூடாதா?"

"பண்ணலாம், பண்ணலாம்," என்று அவர் டப்பாவைத் தட்டிக்கொண்டே போய்விட்டார். துணி மடிக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி மட்டும், "உன் தங்கச்சிக்கு வைக்கற கொள்ளிய ஊருக்கே வச்சுட்டியே," என்றாள். அண்ணி கேட்காதது மாதிரி அடுப்புக் கதவைச் சாத்தினாள்.

இனி பிள்ளை அங்கே எதற்குப் போகிறாள், பார்க்கலாம் என்று அவள் நினைத்திருப்பாள். அங்கேதான் அவள் தப்புக் கணக்குப் போட்டாள்.

மழை இருந்தபோது குட்டி நனைவாள். நனைந்தால் மாற்றுத்துணி வேண்டும். மாற்றுத்துணி எங்கள் வீட்டு அலமாரியில் இருந்தது. அதனால் நடுங்கிக்கொண்டு ஓடி வருவாள். அண்ணி வேலையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் அவளைத் துவட்டி, தலையைச் சீவி, சூடாக ஏதாவது குடிக்கக் கொடுப்பாள். அந்தக் கொஞ்ச நேரம் பிள்ளை முழுக்க அம்மாவுடையது. மழை நின்றதும் குட்டி நனையவில்லை. நனையாத பிள்ளை ஏன் வீட்டுக்கு ஓடி வர வேண்டும்? சித்தி வீட்டில் கையுறைத் துண்டுகளில் பொம்மை தைத்துக்கொண்டு, விளக்கு மஞ்சளாகி மங்கும்வரை அங்கேயே இருந்தாள். நான் கூப்பிடப் போனாலும், "இன்னும் கொஞ்சம் இரு அத்தை. ஒருவேளை மழை வரும்," என்றாள். ஒருநாள் அங்கேயே சாப்பிட்டுவிட்டு வந்தாள்.

அன்று அண்ணி தட்டில் போட்ட சோற்றைத் திரும்பப் பாத்திரத்தில் கொட்டினாள்.

"என்ன சாப்பிட்டே?"

"சித்தி என்னமோ செஞ்சா. நல்லா இருந்துச்சு."

"உப்பு சரியா இருந்துச்சா?"

"தெரியலம்மா. நல்லா இருந்துச்சு."

மறுநாள் மதியச் சாப்பாடு முடிந்ததும் அண்ணி எழுந்து போனாள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். ஆவி 'புஸ்' என்று மேலே போனது. நான் மடித்துக்கொண்டிருந்த சட்டையை மறுபடியும் மடித்தேன்.

அன்று குட்டி நனைந்து வந்தாள். அண்ணி முதல் ஆளாக வாசலில் துண்டோடு நின்றாள். சின்னவள் தெருவுக்கு மழை அனுப்பிய அதே கையால் பிள்ளையைத் துவட்டினாள். பிள்ளையை வீட்டுக்கு வரவழைக்க அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. தங்கைக்குக் கொடுத்தால்தான் தனக்குக் கிடைக்கும் என்றால், அதைவிட வயிற்றெரிச்சல் வேறு என்ன இருக்கிறது? ஆனாலும் கைப்பிடியைத் தவறாமல் இழுத்தாள். அது கொஞ்ச காலம் நடந்தது.

பிறகு ஒருநாள் குட்டி நனையாமல் வந்தாள். மழை பெய்திருந்தது. தெருவில் எல்லோரும் நனைந்திருந்தார்கள். குட்டியின் தலை மட்டும் ஈரம், சட்டை காய்ந்திருந்தது. காலையில் போட்டுப் போன சட்டைதான்.

"நீ நனையலியா?"

"நனைஞ்சேனே. துவைச்சு வச்சிருந்த வேற கவுன் போட்டு நனைஞ்சேன். அப்புறம் இதை மாத்திக்கிட்டேன்."

"எந்த வேற கவுன்?"

குட்டி ஜாக்கிரதையானாள். ஏழு வயதுப் பிள்ளைக்கும் அம்மாவின் குரல் தெரியும். "சும்மா ஒரு கவுன்," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அந்தக் கவுன் தானாகவே அண்ணியின் கைக்கு வந்தது. சின்னவள் தெருவில் மழை பெய்ய ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே எதுவும் காய்வதில்லை. அந்தத் தெருக்காரர்கள் எல்லோரும் ஈரத்துணி மூட்டையைச் சலவைக்கூடத்துக்குத்தான் கொண்டு வருவார்கள், உலர்த்திக் கொடுக்க. சின்னவளின் மூட்டையை அண்ணிதான் பிரித்தாள். கையுறைகள், ஒரு போர்வை, அவளுடைய இரண்டு உடைகள், அதற்குக் கீழே ஒரு சின்னக் கவுன். நீலம். கையுறைத் துணியின் மிச்சத்தில் வெட்டித் தைத்தது. சட்டைப்பை ஒரு கையுறையின் வடிவத்தில் ஐந்து விரலோடு இருந்தது. குட்டிக்கு எவ்வளவு பிடித்திருக்கும் என்று எனக்கே தெரிந்தது. அண்ணிக்குத் தெரியாமல் இருக்குமா?

அவள் அதைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். கவுனை அடுப்பில் போட்டுவிடுவாளோ என்று நான் பயந்தேன். போடவில்லை. உலர்த்தும் கம்பியில் மாட்டினாள். மற்ற துணியெல்லாம் காய்ந்த பிறகும் அதை மட்டும் காயவிடவில்லை, பாதியில் எடுத்துவிட்டாள். ஈரத்தோடு அழகாக மடித்து மூட்டையின் நடுவில் வைத்துக் கட்டினாள்.

சாயங்காலம் சின்னவள் வந்து மூட்டையை வாங்கிக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். கையில் அந்தக் கவுன்.

"அக்கா, இது காயலியே."

"உங்க தெருவுல எதுதான் காயுது?"

"அக்கா, இது உங்கிட்டேர்ந்து போனது."

"அப்ப என் தப்பாத்தான் இருக்கும். எப்பவும் என் தப்புதானே."

துணி மடிக்கும் மேஜையில் எல்லோர் கையும் நின்றுவிட்டது. சின்னவள் சுற்றிப் பார்த்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள்.

"அவ தினமும் ஈரத்தோட ஓடறா. வழியில அந்தச் சந்துல குளிர்காத்து. போன தடவை இருமினாளே, அதான் தைச்சேன். பிள்ளைய நான் எடுத்துக்கலக்கா."

"நீ எடுத்துக்க மாட்ட. உனக்கு எடுக்கவே தெரியாது. எல்லாம் தானா வந்து உன் மடியில விழும், மழை மாதிரி."

சின்னவள் முகம் சுருங்கியது. அழுவாள் என்று நினைத்தேன். அவள் அழவில்லை. "மழை எனக்கு வேண்டாம்க்கா. என் சுவரெல்லாம் பூஞ்சை. படுக்கை காயறதே இல்ல. போன மாசம் மழை நின்னப்போ நான் நிம்மதியாத் தூங்கினேன். நீதான் மறுபடி திறந்துவிட்டே."

அண்ணிக்கு இது எதிர்பாராத அடி. தங்கைக்கு இனாமாகக் கிடைக்கிறது என்று எதைப் பார்த்து இத்தனை மாதம் எரிந்தாளோ, அதை அந்தப் பெண் சகித்துக்கொண்டிருந்திருக்கிறாள், குட்டிக்குப் பிடிக்கிறதே என்று.

"சொல்லியிருக்கலாமே," என்றாள் கடைசியில்.

"உங்கிட்டயா?" என்றாள் சின்னவள். கேட்டவர்கள் எல்லோருக்கும் சிரிப்பு வந்தது. அண்ணிக்கு வரவில்லை. ஆனால் கையை நீட்டினாள்.

"கொடு."

கவுனை வாங்கிக் கம்பியில் மாட்டினாள். சின்னவளை முக்காலியில் உட்காரச் சொன்னாள். காய்ந்ததும் அண்ணி இஸ்திரி போட்டு, அந்த ஐந்து விரல் பையையும் விரல் விரலாகத் தேய்த்துக் கொடுத்தாள்.

"இது உன் வீட்டுல இருக்கட்டும். ஆனா காயறதுக்கு இங்கதான் வரணும். வேற யார்கிட்டயும் கொடுக்கக் கூடாது."

"சரி."

"வாரத்துல பாதி நாள் மேல்கதவைச் சாத்திடறேன். உன் படுக்கை காயட்டும். அந்த நாள்ல அவ நேரா வீட்டுக்கு வரணும்."

"அவகிட்ட நீயே சொல்லிக்கோ," என்று சின்னவள் எழுந்தாள்.

அப்படித்தான் நடக்கிறது. அண்ணி மாறிவிட்டாள் என்று நான் எழுத மாட்டேன். மழை நாட்களில் இப்போதும் அவள் முகம் கடுகடுவென்றுதான் இருக்கும். சின்னவள் மூட்டை வந்தால் முதலில் அந்தக் கவுனை உருவி எடுப்பாள். என்னைத் தொட விடமாட்டாள். குட்டி வளர்கிறாள். போன வாரம் சின்னவள் கவுனின் கீழ்மடிப்பைப் பிரித்து நீளம் இறக்கித் தைத்து அனுப்பியிருந்தாள். அண்ணி அதை விளக்குக்கு நேரே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"தையல் கோணல்," என்றாள்.

எனக்கு எந்தக் கோணலும் தெரியவில்லை. அவள் என்னிடம் ஊசியை வாங்கி, தைத்ததையெல்லாம் பிரித்துவிட்டு, பாய்லர் பக்கத்தில் உட்கார்ந்து தானே தைக்கத் தொடங்கினாள்.